என்னிடம் மட்டும் ஏன் இப்படி நடக்கிறான்?

மேடம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. பெரியம்மா என்று கூப்பிடுவார்கள். அங்கே ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அப்பா இல்லை. அம்மா வீட்டு வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்பார், பெரும்பாலும் வரமாட்டார். பையன் சாயந்திரம் வரை கேட் பக்கமே நிற்பான். அன்று ராத்திரி யாரையாவது அடிப்பான், கடிப்பான், படுக்கையை நனைத்துவிடுவான். தலையணை உறைக்குள் இட்லியை ஒளித்து வைக்கிறான், எறும்பு மொய்க்கிறது. மற்றவர்களிடம் அடங்கியிருப்பவன் என்னிடம் மட்டும், "நீ ஒண்ணும் எங்கம்மா இல்ல" என்று கத்துகிறான். எனக்குத் தூக்கமே போய்விட்டது. வீட்டுக்குப் போனால் என் மகள்மேல் எரிந்து விழுகிறேன். இந்த வேலையை விட்டுவிடலாமா?

— ஒரு வாசகி, வடசென்னை

அன்புள்ள சகோதரி,

என்ன கத்தினாலும் தன்னை விட்டுப் போகமாட்டார் என்று யாரை நம்புகிறதோ, அவரிடம்தான் பிள்ளை கோபத்தைக் கொட்டும். அம்மாவிடம் காட்ட முடியாததை அவன் உங்களிடம் காட்டுகிறான். "ஆமாம்பா, நான் உங்கம்மா இல்ல. ஆனா ராத்திரி இங்கதான் இருப்பேன்" என்று சொல்லுங்கள், போதும்.

பட்டினி பார்த்த பிள்ளைகள், வேளாவேளைக்குச் சோறு கிடைத்த பிறகும் நெடுநாள் ஒளித்து வைப்பார்கள். அதைத் திருட்டு என்று யாரும் சொல்ல வேண்டாம். மூடிபோட்ட டப்பாவில் அவன் பெயரை எழுதி, பொரியோ பிஸ்கட்டோ போட்டு அவன் அலமாரியிலேயே வையுங்கள். தீர்ந்தால் அவன் கேட்காமலே நிரப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய விஷயம். "அம்மா கண்டிப்பா வருவாங்க" என்று இல்லத்தில் யாரும் சொல்லக் கூடாது. அம்மாவைக் குறை சொல்லவும் கூடாது. "வருவாங்களான்னு எனக்கும் தெரியல. வரலன்னா நாம கேரம் ஆடலாம்" என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி ஆடுங்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும். அம்மா வரும் நாள், வர முடியாவிட்டால் போன் பேசும் நேரம் இரண்டையும் அதில் எழுதச் சொல்லுங்கள். வறுமைதான் அவரைத் தடுக்கிறது என்றால், மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் பிள்ளையைக் குடும்பத்தோடு வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. தகுதி இருக்கிறதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம்.

படுக்கை நனைவதைப் பற்றி மற்ற பிள்ளைகள் முன் பேச்செடுக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். மனநல மருத்துவரையும் அங்கேயே பார்க்கலாம்.

அப்புறம், நீங்கள். மனம் அடிபட்ட பிள்ளைகளோடு இரவும் பகலும் இருப்பவருக்கு அந்த வலி ஒட்டிக்கொள்ளும். தூக்கம் போவதும் வீட்டில் எரிந்து விழுவதும் அதன் அடையாளம்தான். இதற்காக வேலையை விட வேண்டியதில்லை, ஆனால் இப்படியே இழுத்துக்கொண்டும் போகக் கூடாது. கை ஓங்கத் தோன்றும் நிமிடத்தில் இன்னொரு ஊழியரை அழைத்துவிட்டு வெளியே வாருங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உங்களுக்காகவும் அழைக்கலாம்.

தொடர்ந்து இரவுப் பணி வேண்டாம், வாரம் ஒரு நாள் முழு விடுப்பு வேண்டும் என்று நிர்வாகியிடம் கேளுங்கள். நீங்கள் இல்லாத நாளில் யார் இருப்பார் என்பதைப் பையனிடம் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போங்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.