பழைய ஜெனித் கேமராவின் ஹீலியாஸ் 58 மி.மீ. லென்ஸை சோனி ஏ6400-இல் மாட்டிப் படம் எடுக்க முடியுமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

தாராளமாக முடியும். ஒரு அடாப்டர் வளையமும் கேமரா மெனுவில் ஒரு சின்ன மாற்றமும் போதும். பரணில் கிடக்கும் எல்லா பிலிம் கேமராவுக்கும் இது பொருந்தாது. யாஷிகா எம்எஃப்-2, யாஷிகா எலக்ட்ரோ 35, ஆக்ஃபா கிளிக் போன்றவற்றில் லென்ஸ் கழன்று வராது. அவற்றை அப்படியே அலமாரியில் வைத்துவிடலாம். ஜெனித் திருகு மவுண்ட் எஸ்எல்ஆர், அதாவது லென்ஸைத் திருகிக் கழற்றக்கூடிய கேமரா என்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

எந்த லென்ஸ் எந்தக் கேமராவில் ஏறும் என்பதை முடிவு செய்வது ஒரே ஒரு அளவு: லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் பிலிம் அல்லது சென்சாருக்கும் இடையே உள்ள தூரம். ஃபிளேஞ்ச் தூரம் என்பார்கள். ஜெனித், பென்டாக்ஸ், பிராக்டிகா எல்லாம் பயன்படுத்திய எம்42 திருகு மவுண்டுக்கு இது 45.46 மி.மீ. சோனி இ மவுண்டுக்கு 18 மி.மீ. வித்தியாசம் 27.46 மி.மீ.; அந்த உயரத்தில் உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் உலோகக் குழாய்தான் நீங்கள் வாங்கப்போகும் அடாப்டர். ஃபியூஜி எக்ஸ் 17.7, கேனன் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16 என்பதால் எந்த மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) வைத்திருந்தாலும் கணக்கு இதேதான்.

பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில்தான் தகராறு. கேனன் இஎஃப் மவுண்டுக்கு 44 மி.மீ.; மிச்சம் இருக்கும் 1.46 மி.மீ.க்குள் ஒரு மெல்லிய வளையம் போட்டுவிடலாம். நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ. வேண்டும். லென்ஸ் ஏற்கெனவே தேவைக்கு மேல் தள்ளி நிற்பதால் தூரத்துக் காட்சி ஃபோகஸே ஆகாது. அதைச் சரிசெய்யக் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள். படத்தின் கூர்மையைக் கெடுக்கும், வாங்காதீர்கள். தவிர, இன்றைய டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் திரை எஃப்/2-வின் (லென்ஸ் துவாரம் முழுக்கத் திறந்த நிலை) மங்கலை உள்ளபடி காட்டாது. கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிவது படத்தில் மங்கலாக வரும்.

அடாப்டர் வாங்கும் முன் லென்ஸின் பின்பக்கத் திருகை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஆரம்பகால ஜெனித்கள் 39 மி.மீ. திருகில் வந்தன, பிறகு வந்தவை 42. உங்களுடையது 39 என்றால் 39-லிருந்து 42-க்கு ஒரு மெல்லிய இடைவளையம் கூடுதலாக வேண்டும். லைக்கா 39 மி.மீ. அடாப்டரை இதற்கு வாங்கிவிடாதீர்கள். திருகு ஏறும், ஆனால் உயரம் வேறு.

அடுத்து, லென்ஸ் எந்த மாடல், 44-2-வா, 44எம் வகையா என்று முன்வளையத்தில் படித்துக்கொள்ளுங்கள். 44-2-வில் அபெர்ச்சருக்கு (வெளிச்சம் நுழையும் துவாரம்; எஃப் எண் கூடினால் சிறிதாகும்) இரண்டு வளையங்கள். ஒன்று டிக் டிக்கென்று எண்களில் நிற்கும், இன்னொன்று சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்து மூடும். முழுக்கக் கைவேலை என்பதால் எந்த எம்42 அடாப்டரும் ஒத்துப்போகும். 44எம் வகையில் பின்னால் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால்தான் அபெர்ச்சர் மூடும். ஏ/எம் சுவிட்ச் இருந்தால் எம்-இல் வைத்துவிடுங்கள். 44எம்-4 போன்ற பிந்தைய வகைகளில் பெரும்பாலும் அந்த சுவிட்ச் கிடையாது. அதற்கு ஊசியை அழுத்தும் உள்விளிம்பு உள்ள அடாப்டர்தான் வேண்டும். அது இல்லாமல் மாட்டினால் வளையத்தை எஃப்/16 வரை திருப்பினாலும் லென்ஸ் எஃப்/2-விலேயே திறந்து கிடக்கும். "பழைய லென்ஸ், எப்படி வைத்தாலும் மங்கல்தான்" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இப்போது லென்ஸின் உள்ளே. அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். தூசு கொஞ்சம் மிதக்கத்தான் செய்யும், படத்தில் தெரியாது. சிலந்தி வலை போலக் கிளை கிளையாகப் பிரிந்திருந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுவதும் ஆவி படிந்ததுபோல் பால் நிறமாகத் தெரிந்தால், உள்ளே இருக்கும் கிரீஸ் ஆவியாகிப் படிந்த படலம். ஓரத்தில் வானவில் நிறத் திட்டு தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன, அதற்குச் செலவழிக்காதீர்கள். இந்த மூன்றில் படத்தை அதிகம் கெடுப்பது அந்தப் பால் படலம்தான், பூஞ்சை அன்று. ஓரத்தில் ஓரிரு பூஞ்சைப் புள்ளி இருந்தாலும் படம் நன்றாகவே வரும். படலம் இருந்தால் வெளிச்சம் எதிரே வந்தவுடன் மொத்தப் படமும் வெளுத்துவிடும்.

அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுக்கும். 44-2-வில் இது ரொம்ப சாதாரணம். கையால் திருப்புவதால் வேலைக்குத் தடை இல்லை. ஆனால் அந்த எண்ணெய்தான் நாளடைவில் கண்ணாடிப் படலமாக மாறும். ஃபோகஸ் வளையம் இறுகிக் கிடந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது. அடாப்டரில் மாட்டிய நிலையில் பலம் கொடுத்துத் திருப்ப வேண்டாம், மவுண்ட்தான் பாதிக்கப்படும்.

வீட்டிலேயே பிரிக்கலாமா என்று கை பரபரக்கும். முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது வரை பழகியவர் செய்யலாம். ஃபோகஸ் திருகைப் பிரிப்பது வேறு விஷயம். அதில் பல தொடக்கங்கள் உள்ள மரை இருக்கிறது. எந்த இடத்தில் கழன்றதோ அதே இடத்தில் மறுபடி ஏற்ற வேண்டும். கழலும் நொடியில் இரண்டு பாகத்திலும் கோடு போட்டுக்கொள்ளாமல் பிரித்தால், மாட்டிய பிறகு தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாமல் போகும்.  

அடாப்டர் வந்ததும் வெளிச்சத்தில் அதன் உட்புறத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தாலும் பளபளக்கிறதா? அங்கே படும் வெளிச்சம் சிதறி சென்சாரில் விழும். ஏ6400-இன் சென்சார் சிறியது. லென்ஸோ முழு 35 மி.மீ. பிலிமை நனைக்கும் அளவுக்கு வெளிச்சம் தரும். மிஞ்சும் வெளிச்சம் முழுதும் அடாப்டரின் சுவரில்தான் போய் அடிக்கிறது. மேட் கறுப்பு பெயின்ட் அல்லது வெல்வெட் போன்ற கறுப்பு ஒட்டுத்தாள் உள்ளே ஒட்டினால் கான்ட்ராஸ்ட் கண்ணெதிரே கூடும். கூடவே ஒரு உலோக ஹுட் (லென்ஸ் முன்னால் மாட்டும், பக்க வெளிச்சத்தை மறைக்கும் குழல்): 44-2-வுக்கு 49 மி.மீ., 44எம் வகைக்கு 52 மி.மீ. இந்த இரண்டுக்கும் ஆகும் சில நூறு ரூபாய், எந்த எடிட்டிங் மென்பொருளையும்விடப் பலன் தரும்.

லென்ஸைத் திருகி முடித்ததும் அதன் எண்கள் மேலே வராமல் பக்கவாட்டில் போய் நிற்கலாம். பல அடாப்டர்களில் மூன்று பொடித் திருகுகள் இருக்கும். அவற்றை இளக்கி, உள்வளையத்தைச் சுற்றி, எண்களை மேலே கொண்டுவந்து மறுபடி இறுக்குங்கள். லென்ஸைத் திருகும்போது விரல் நுனிப் பலம் போதும்.

கேமராவில் முதல் வேலை, மெனுவில் 'ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்' என்பதை 'எனேபிள்' ஆக்குவது. மின் இணைப்பு இல்லாததால் லென்ஸே இல்லை என்றுதான் கேமரா நினைத்துக்கொண்டிருக்கும். இதை மாற்றாவிட்டால் ஷட்டர் விழாது. ஃபியூஜியில் 'ஷூட் வித்தவுட் லென்ஸ்' என்று தேடுங்கள். மோடை ஏ-வில் (அபெர்ச்சர் நம் கையில்) வையுங்கள். ஷட்டர் வேகத்தைக் கேமரா தானே கணித்துக்கொள்ளும்.

ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் கேமராவே கூட்டிக் குறைப்பது) போடுகிறீர்கள் என்றால் 'ஐஎஸ்ஓ ஆட்டோ மினிமம் எஸ்எஸ்' (குறைந்தபட்ச ஷட்டர் வேகம்) என்ற இடத்தில் 1/160 என்று கொடுத்துவிடுங்கள். 58 மி.மீ. லென்ஸ் இந்தச் சென்சாரில் 1.5 மடங்கு, அதாவது 87 மி.மீ. பார்வையைத் தருகிறது. ஏ6400-இல் உடலுக்குள் அதிர்வுத் தடுப்பு கிடையாது. பழைய லென்ஸிலும் கிடையாது. 1/60-இல் நிற்கும் ஆளை எடுத்தாலும் கை நடுக்கம் தெரியும். அதிர்வுத் தடுப்பு உள்ள ஏ6600 போன்ற உடல் வைத்திருப்பவர்கள் ஸ்டெடிஷாட் அமைப்பில் 58 என்று கையால் கொடுக்க வேண்டும். 1.5-ஆல் பெருக்கி 87 கொடுத்தால் கேமரா தேவைக்கு மேல் ஈடுசெய்து படத்தை அசைத்துவிடும்.

ஃபோகஸ்தான் பழக வேண்டிய கலை. ஒன்றரை மீட்டரில் நிற்கும் முகத்தை எஃப்/2-வில் எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 5 செ.மீ.தான். மூக்கு நுனி கூர்மையாகி, கண் நழுவிவிடும். ஃபோகஸ் பீக்கிங்கை (கூர்மையான விளிம்புகளை நிறத்தால் காட்டும் வசதி) மட்டும் நம்பினால் இங்கே ஏமாற்றம்தான். கண்ணிமை முதல் காது வரை சிவப்புப் புள்ளி பூக்கும், எது உண்மையான ஃபோகஸ் என்று சொல்லாது. பீக்கிங்கை 'லோ'-வில் வைத்து, தோராயமாக நெருங்க மட்டும் பயன்படுத்துங்கள். கூர்மையை முடிவு செய்ய உருப்பெருக்கம் வேண்டும். சோனி லென்ஸில் வளையத்தைத் தொட்டதும் படம் தானாகப் பெரிதாகும், இதில் ஆகாது. சி1 பொத்தானுக்கு 'ஃபோகஸ் மேக்னிஃபையர்' வேலையை ஒதுக்குங்கள். அதை அழுத்தி, 5.9 மடங்கில் கண் இமையைப் பார்த்து ஃபோகஸ் செய்து, ஷட்டரைப் பாதி அழுத்தி முழுக் காட்சிக்குத் திரும்பிச் சொடுக்குங்கள். உருப்பெருக்கக் கட்டத்தை முன்கூட்டியே கண் வரும் இடத்துக்கு நகர்த்தி வைக்கலாம். நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பினால் அந்த 5 செ.மீ.யில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

எஃப்/5.6, எஃப்/8-இல் எடுக்கும்போது ஒரு தொல்லை உண்டு: மூடிய அபெர்ச்சரில் எல்லாமே கூர்மையாகத் தெரிவதால் உச்சம் எது என்று பிடிபடாது. 44-2-வின் இரட்டை வளையம் இதற்கென்றே வந்ததுபோல் உதவும். டிக் வளையத்தை 5.6-இல் வைத்து, வழுக்கும் வளையத்தைத் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு முட்டும் வரை மூடி எடுங்கள். வீடியோ எடுப்பவர்களுக்கும் இந்தச் சத்தமில்லாத வளையம் வரப்பிரசாதம்.

முதல் நாளே செய்ய வேண்டிய சோதனை ஒன்று. தொலைவில் இருக்கும் மொபைல் கோபுரத்தையோ நிலாவையோ 11.7 மடங்கில் பார்த்து, வளையத்தை முடிவிலிக் குறி நோக்கித் திருப்புங்கள். முட்டுவதற்குச் சற்று முன்பே கூர்மை வந்து, தாண்டியதும் மங்கினால் நல்லது. அடாப்டரை மயிரிழை குட்டையாகச் செய்வது வழக்கம்தான். முட்டும் வரை கூர்மை கூடிக்கொண்டே போய் எட்டாமல் நின்றால், அடாப்டர் உயரம் அதிகம், அல்லது யாரோ லென்ஸைப் பிரித்துத் தப்பாக மாட்டியிருக்கிறார்கள். வேறொரு எம்42 லென்ஸ் கிடைத்தால் அதே அடாப்டரில் மாட்டிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

ஹீலியாஸ் என்றதும் எல்லோரும் சொல்லும், பின்னணி மங்கல் வட்டமாகச் சுழல்வதுபோல் தெரியும் அந்த விஷயம் பற்றி: ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. பிலிம் அளவு சென்சார்) தெரியும் அளவுக்கு ஏ6400-இல் தெரியாது. சுழல் ஓரங்களில்தான் வலுவாக இருக்கும், உங்கள் சென்சார் அந்த ஓரத்தையே வெட்டிவிடுகிறது. கொஞ்சமாவது வேண்டுமென்றால் எஃப்/2-வில், ஆளை ஒன்றரை முதல் இரண்டு மீட்டரில் நிறுத்தி, பின்னால் சில மீட்டர் தள்ளி வெயில் ஊடுருவும் இலைக்கூட்டம் இருக்கும்படி எடுங்கள். வெறும் சுவருக்கு முன்னால் எந்த ஹீலியாஸும் சுழலாது. இந்த ஒன்றுக்காகவே விலையை ஏற்றி விற்கிறார்கள். வீட்டில் கிடந்தால் மகிழ்ச்சி. இல்லாதவர்கள் தேடி வாங்குவதற்குப் பதில் ஒரு ஆட்டோஃபோகஸ் 50 எஃப்/1.8 வாங்குவது புத்திசாலித்தனம். ஓடும் குழந்தை, பறவை, கல்யாண மேடை எல்லாவற்றுக்கும் அதுதான் கைகொடுக்கும்.

எடிட்டிங்கில் அதிக வேலை இல்லை. ரா-வில் (கேமராவின் மூலக் கோப்பு) எடுங்கள். லென்ஸ் ப்ரொஃபைல் (லென்ஸின் குறைகளைத் திருத்தும் கோப்பு) தேடி அலைய வேண்டாம், இந்த வகை லென்ஸில் கோணல் மிகக் குறைவு. எஃப்/2-வில் வெள்ளை வேட்டியின் ஓரம், இலை இடுக்கில் தெரியும் வானம் போன்ற இடங்களில் ஊதா விளிம்பு வரும். லைட்ரூமில் டிஃப்ரிஞ்ச், டார்க்டேபிளில் குரோமாட்டிக் அபரேஷன்ஸ் பகுதி இதைப் போக்கும். எஃப்/4-க்கு மூடினாலே பெரும்பகுதி காணாமல் போகும். வெளிறிய படத்துக்கு லைட்ரூமில் டிஹேஸ் 10-15 வரை, டார்க்டேபிளில் ஹேஸ் ரிமூவலை 0.1-இல் தொடங்குங்கள். அதற்கு மேல் இழுத்தால் தோல் நிறம் அழுக்கேறும். எந்த அபெர்ச்சரில் எடுத்தோம் என்பது கோப்பில் பதிவாகாது. ஒப்பிட்டுப் பழகும் நாட்களில் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் இருந்தால் லென்ஸை அதன் பழைய தோல் உறைக்குள் திரும்ப வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பூஞ்சைக்குத் தீனி போடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, இவ்வளவு போதும். முள் 40-50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ரொம்பக் குறையவும் வேண்டாம் என்பதால் ஜெல்லை அள்ளிக் கொட்ட வேண்டாம். மணிகள் நிறம் மாறியதும் அவனில் 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வைத்து, ஆறிய பிறகு மறுபடி டப்பாவில் போடலாம்.