மணி யார் என்பது அப்புறம்

கேள்வி: எனக்கு 36 வயது. கணவர் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். 10 வயதில் மகள், 5 வயதில் மகன். ஆறு மாதமாக அவர் போனைக் கவிழ்த்தே வைக்கிறார். குளியலறைக்குக்கூட எடுத்துப் போகிறார். ‘சாயப்பட்டறை மணி’ என்ற பெயரில் இரவு பதினொரு மணிக்கு மேல் வாட்ஸ்அப் செய்தி வருகிறது. ஒருநாள் ‘சாப்பிட்டாயா?’ என்று இருந்தது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. என் மகள் கெட்டிக்காரி. அப்பா போடும் பேட்டர்னைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அவர் அசந்து தூங்கும்போது திறந்து கொடுப்பாள். அவர் சந்தேகப்பட்டுச் சத்தம் போட்டபோதும், ‘நான்தான் கேம் விளையாடினேன்’ என்று சமாளித்துவிட்டாள். இப்போது விரல்ரேகைப் பூட்டுப் போட்டுவிட்டார். அவருக்கு வரும் செய்தியெல்லாம் என் போனில் தெரியும்படி ஓர் ஆப் இருக்கிறது என்கிறாள் என் தங்கை. வாங்கலாமா? போலீசில் சொன்னால் அவரைக் கண்டிப்பார்களா?

பதில்: வேலைப் பளுவாக இருக்கும், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். மெர்ச்சண்டைசருக்கு இரவில் செய்தி வருவது சகஜம்தான். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு வியாபாரிக்கு அப்போதுதான் பகல். ஆனால் எந்தச் சாயப்பட்டறைக்காரரும் நடுநிசிக்கு முன்னால் ஆள் சாப்பிட்டாரா என்று விசாரிப்பதில்லை. அவர் விசாரிப்பது பாக்கிப் பணத்தைத்தான். உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை ஒத்துக்கொண்டு ஓரமாக வைக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தகப்பன் குறட்டை விடுகிறார். பத்து வயதுப் பெண் கட்டிலோரம் குனிந்து, சார்ஜர் வயரை ஓசைப்படாமல் உருவி, போனை எடுத்துக் கோடு போட்டுத் திறந்து, சமையலறையில் காத்திருக்கும் தாயிடம் கொண்டுவந்து தருகிறாள். நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது அவள் எங்கே நின்றாள்? உங்கள் தோளுக்குப் பின்னாலா, அறை வாசலில் காவலுக்கா? அதை நீங்கள் எழுதவில்லை. ‘சாப்பிட்டாயா’ என்பதை எழுத்துக்கூட்டிப் படிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாதா? அதைப் படித்ததும் உங்கள் முகம் மாறியதை அவள் பார்த்திருக்கமாட்டாளா?

அப்புறம் விசாரணை. தகப்பன் சத்தம் போட்டபோது நீங்களும் அதே வீட்டில்தான் இருந்திருப்பீர்கள். ‘அவளைத் திட்டாதீர்கள், நான்தான் எடுத்தேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் சொல்லவில்லை. செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொண்டு, திட்டும் வாங்கிக்கொண்டு, உங்களைக் காப்பாற்றியிருக்கிறாள் அந்தப் பெண். அதைப் போய் அவளுடைய கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு எழுதுகிறீர்கள். கொஞ்சமும் கூச்சமாக இல்லையா அம்மா?

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் சட்டைப் பையில் கிடந்த சினிமா டிக்கெட், பிறகு தொலைபேசி பில், இப்போது வாட்ஸ்அப். அன்றைக்கும் துப்புப் பார்க்கப் பிள்ளைகளைத்தான் அனுப்பினார்கள். ‘அப்பாவோடு நீயும் போ, யாரோடு பேசுகிறார் என்று பார்த்துவிட்டு வா’ என்று. அப்படிப் போன பிள்ளைகள் வளர்ந்து எனக்கு எழுதுகிறார்கள். அப்பா செய்த தப்பை அவர்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். தன்னை ஏன் அனுப்பினாள் அம்மா என்பதைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கணவன் மனைவி வழக்கில் பிள்ளைக்கு வேலை இல்லை. பழைய கட்சி என்று யார் சொன்னாலும் என் கட்சி இதுதான்.

உங்கள் கணவரை நான் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ரகசியத்தைக் காப்பாற்றிக்கொள்ள பத்து வயதுப் பிள்ளையிடம் கத்துகிற மனிதர், கட்டியவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் எனக்குக் கடிதம் எழுதியது அவர் இல்லையே.

கணவன் மனைவிக்குள் என்ன ரகசியம் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நண்பன் தன் கடன் தொல்லையையோ, கூடப் பிறந்தவள் தன் வீட்டு வருத்தத்தையோ அவருக்கு எழுதியிருந்தால் அது உங்களுக்கு எழுதியது அல்ல. அதே சமயம், நள்ளிரவில் யாரோடு பேசுகிறீர்கள் என்று நேருக்கு நேர் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், உரிமையில்லாத காரியத்தைத் திருட்டுத்தனமாகச் செய்துவிட்டு, உரிமையுள்ள காரியத்தைத் தொடவே இல்லை. ஆறு மாதத்தில் ஒரு தடவையாவது ‘மணி யார்?’ என்று அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி கிடையாது.

ஆப்பை வாங்காதீர்கள். அடுத்தவர் போனுக்குள் அவர் அனுமதியில்லாமல் புகுந்து தகவல் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வரும். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். மனைவிக்கு என்று அதில் தனி விலக்கு இல்லை. போதாக்குறைக்கு, அந்த ஆப் மணியின் செய்தியை மட்டுமா எடுக்கும்? வங்கி ஓடிபி முதல் உங்கள் பிள்ளைகளின் படம் வரை முகம் தெரியாத ஒருவரின் கைக்குப் போகலாம்.

மனைவியின் தொலைபேசி அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்துவந்து வழக்கில் காட்டினார் ஒரு கணவர். தம்பதிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, இதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. வேறொரு வழக்கில், மனைவியோடு தான் பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தால் விவாகரத்து வழக்கில் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்புக் கூறியது. உங்கள் தங்கை அதைப் பாதி கேள்விப்பட்டுவிட்டு யோசனை சொல்கிறாளோ என்னவோ. வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் வக்கீலைக் கேளுங்கள்.

போலீஸ்? பிறர்மனை உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அது நடைமுறையில் இருந்த காலத்திலும் அதன் கீழ் கணவர்மேல் மனைவி வழக்குத் தொடர வழி இருந்ததில்லை. விவாகரத்து கேட்க மட்டும் பிறர்மனை உறவு இன்றைக்கும் ஒரு காரணம்.

இனி செய்ய வேண்டியது. நாளைக் காலை தலை வாரிவிடும்போது மகளிடம் சொல்லுங்கள்: ‘அப்பா போனை உன்னை எடுக்க வைத்தது என் தப்பு. நீ பொய் சொன்னபோது நான் சும்மா இருந்ததும் என் தப்பு. இனி நீ எதையும் பார்க்கவும் வேண்டாம், எனக்குச் சொல்லவும் வேண்டாம்.’ மணியைப் பற்றி அவள் கேட்டால், அது பெரியவர்கள் பார்த்துக்கொள்கிற விஷயம் என்று நிறுத்திவிடுங்கள். அப்பா நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ நீங்கள் சான்றிதழ் எழுத வேண்டியதில்லை.

அன்றிரவே, பிள்ளைகள் தூங்கிய பிறகு, கணவரிடம் உட்காருங்கள். ‘அன்றைக்குப் போனை எடுக்கச் சொன்னது நான். குழந்தையை ஏசியது போதும். நான் பார்த்தது இது. மணி யார்?’ போனைக் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். அழித்துவிட்டுக் காட்டினால் என்ன செய்வீர்கள்? வாயைத் திறந்து சொல்லட்டும். ‘என் போனை எப்படித் தொடலாம்’ என்று பேச்சைத் திருப்புவார். எல்லோரும் அந்த இடத்தில்தான் திருப்புவார்கள். ‘தொட்டது தப்புத்தான், மணி யார்?’ என்று மறுபடியும் கேளுங்கள்.

பதில் நீங்கள் பயந்தபடியே இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானத்தைக் கணக்குப் பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். அவர் கை நீட்டினால் 181-க்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போங்கள் என்று நான் யாருக்கும் எழுதியதில்லை, உங்களுக்கும் எழுதமாட்டேன். சேர்ந்திருப்பதோ பிரிவதோ உங்கள் முடிவு. அதற்குச் சாட்சி சொல்ல மகளை மட்டும் கூப்பிடாதீர்கள்.

மணி யார் என்று எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. மகளிடம் பேசிவிட்டீர்களா என்று ஒரு அஞ்சலட்டை போடுங்கள்.