அடுப்படிக் கேள்விகள்: மீன்குழம்பு ஏன் கசக்கிறது?

கேள்வி: விளைமீனோ பாறையோ, எது வாங்கிக் குழம்பு வைத்தாலும் கடைசியில் லேசாகக் கசக்கிறது. மிளகாய்த்தூளை மாற்றிப் பார்த்தேன், மல்லியைக் குறைத்துப் பார்த்தேன், கசப்பு போகவில்லை. மீனும் உடைந்து, சதை தனி முள் தனியாகக் கிடக்கிறது.
– வாசகி, தொண்டி

பதில்: மசாலாவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். முதலில் மீனின் வயிற்றைப் பாருங்கள். ஈரலை ஒட்டிப் பச்சை நிறத்தில் சின்னதாக ஒரு பை இருக்கும். அதுதான் பித்தப்பை. அவசரத்தில் குடலை இழுக்கும்போது அது உடைந்தால், சதையில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு கறை படியும். எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் அந்தக் கசப்பு போகாது. கறை பட்ட இடத்தைக் கத்தியால் செதுக்கி எறிந்துவிடுங்கள். சில மீன்களில் வயிற்றின் உள்பக்கம் கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அதையும் கல்லுப்பு போட்டுத் தேய்த்து உரித்துவிட வேண்டும். நடுமுள்ளை ஒட்டி உறைந்திருக்கும் ரத்தத்தை நகத்தால் கீறி எடுங்கள். கவிச்சி வாடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. சந்தையில் வெட்டி வாங்கினாலும் வீட்டில் ஒருமுறை ஒவ்வொரு துண்டாகப் பார்த்துவிடுங்கள்.

மீன் சுத்தமாக இருந்தும் கசந்தால் தாளிப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். வெந்தயம் சிவந்த நிறத்தில் நிற்க வேண்டும், கறுத்தால் சட்டி முழுக்கக் கசக்கும். முக்கால் கிலோ மீனுக்குக் கால் டீஸ்பூன் வெந்தயம் போதும். அடுத்தது, கொதிக்கும் எண்ணெயில் மிளகாய்த்தூளை நேராகக் கொட்டும் பழக்கம். நாலைந்து நொடியில் கருகிவிடும். தூளோ அரைத்த மசாலாவோ, புளித்தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

அளவு இது. மீன் 750 கிராம். புளி 40 கிராம், பெரிய எலுமிச்சம்பழ அளவு. இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறட்டும். குண்டு மிளகாய் 8, மல்லி 3 மேசைக்கரண்டி, சீரகம் 1 டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன். எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணெய் இல்லாமல் வறுக்க வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இராமநாதபுரம் மாவட்டத்துக் குண்டு மிளகாய்க்குத் தோல் தடிப்பு. பெரிய தீயில் வறுத்தால் வெளியே கறுத்து உள்ளே ஈரம் நிற்கும். சிறு தீயில், கையில் எடுத்துக் குலுக்கினால் விதை சலசலக்கும் வரை வறுங்கள். பச்சையாக ஆறு சின்ன வெங்காயம் சேர்த்து நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். அரை மூடித் தேங்காயைத் தனியாக அரையுங்கள்.

மண்சட்டியில் 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெய். வெந்தயம், கறிவேப்பிலை, 15 சின்ன வெங்காயம், 10 பல் பூண்டு, அது வதங்கியதும் இரண்டு தக்காளி. தக்காளி குழைந்த பிறகு புளித்தண்ணீரில் கரைத்த மசாலா, உப்பு, இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர். இது மீன் போடாமலே 12 முதல் 15 நிமிடம் கொதிக்க வேண்டும். ஓரத்தில் எண்ணெய் மிதந்தால் பச்சை வாசம் போய்விட்டது என்று அர்த்தம். தேங்காயைச் சேர்த்து மூன்று நிமிடம், அதன்பிறகுதான் மீன். கனமான துண்டுக்கு 7 நிமிடம், சூடை, சாளை மாதிரிச் சின்ன மீனுக்கு 4 நிமிடம்.

உங்கள் வீட்டில் மீன் உடைவதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. குழம்பு கூடுவதற்கு முன்பே மீனைப் போட்டால், குழம்பு வற்றும் வரை மீனும் சேர்ந்து கொதிக்கும், பிறகு எப்படி முழுசாக நிற்கும்? மீன் விழுந்த பிறகு கரண்டி உள்ளே போகவே கூடாது. துணியால் சட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். இறக்கி அரை மணி நேரம் அப்படியே மூடி வையுங்கள். உப்பும் புளிப்பும் சதைக்குள் ஏறுவது அந்த நேரத்தில்தான்.

கேள்வி: குக்கரில் எட்டு விசில் விட்டாலும் துவரம்பருப்பு முழித்துக்கொண்டு நிற்கிறது. போர்த் தண்ணீர்தான் புழங்குகிறோம். பருப்பில் கோளாறா, தண்ணீரிலா?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: தண்ணீரில். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் பருப்பு கரையாது. கழுவுவதற்குப் போர்த் தண்ணீர் போதும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் குடிதண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுங்கள். ஒரு டம்ளர் பருப்புக்கு மூன்று டம்ளர், அவ்வளவுதான் செலவு. அரை மணி நேரம் ஊறிய பருப்பு நாலு விசிலில் மசியும். வேகும் வரை தக்காளி, புளி இரண்டும் சேரக்கூடாது. புளிப்பும் பருப்பை இறுக்கும்.

வேறு வழியே இல்லை என்றால் போர்த் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் இறுத்து எடுங்கள். கடினத்தன்மை ஓரளவு குறையும், உவர்ப்பு குறையாது. சமையல் சோடா போட்டால் பருப்பு வேகும், உண்மைதான். ஆனால் ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும்.

கேள்வி: கணவாய் வறுத்தால் ரப்பர் மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் வேகவைத்தால் இன்னும் கெட்டியாகிறது.
– வாசகர், பாம்பன்

பதில்: பாதி வழியில் இறக்குகிறீர்கள். கணவாய்க்கு இரண்டே கணக்கு: மூன்று நிமிடம், அல்லது நாற்பது நிமிடம். சூடு பட்டதும் சதை சுருங்கித் தண்ணீரைக் கக்கும். அதற்கு முன்பே எடுத்துவிட்டால் மெத்தென்று இருக்கும். தாண்டிவிட்டால், இறுகிய சதை மறுபடி இளகும் வரை சிறு தீயில் மூடி வேகவைக்க வேண்டும். பத்தாவது நிமிடத்திலும் இருபதாவது நிமிடத்திலும் கடித்துப் பார்த்தால் ரப்பர்தான்.

சின்ன ஊசிக் கணவாய் என்றால் முதல் கணக்கு. தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் மைப்பையும் சேர்ந்தே வந்துவிடும், உள்ளே கண்ணாடி போல ஒரு தண்டு இருக்கும், அதையும் உருவுங்கள். மேல்தோலை உரித்து, வளையமாக நறுக்கி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுங்கள். அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் மிளகுத்தூள். கல் நன்றாகக் காய்ந்த பிறகு, இரண்டு ஈடாகப் பிரித்துப் போட்டுப் பெரிய தீயில் வதக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கல் குளிர்ந்து தண்ணீர் விட்டு, வறுவல் அவியலாகிவிடும். உப்பை இறக்கும்போது சேருங்கள். பெரிய ஓட்டுக் கணவாயைத் தொக்காகச் செய்யுங்கள். வெங்காயம் தக்காளியோடு அது விடும் தண்ணீரிலேயே 40 நிமிடம் வெந்தால் வெண்ணெயாக வெட்டுப்படும்.

கேள்வி: டப்பாவில் வைத்திருந்த வாளைக் கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் புள்ளி விழுந்திருக்கிறது. கழுவிச் சமைக்கலாமா?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: கூடாது, கொட்டிவிடுங்கள். உப்பிலேயே வளரும் ஒருவகை நுண்ணுயிர் அது. தொட்டால் பிசுபிசுக்கும், புளித்த வாடையும் வரும். ஈரம் காயாமல் மூடியதால் வந்தது. இனி வாங்கியதும் இரண்டு வெயில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு, பிளாஸ்டிக் பையைத் தவிர்த்துக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் வையுங்கள். பழைய டப்பாவை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைக்காமல் புதுக் கருவாட்டைப் போட வேண்டாம்.

கேள்வி: பெருநாளைக்குத் தொதல் (அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்துக் கிண்டும் இனிப்பு) கிண்டினேன். எண்ணெய் பிரியவே இல்லை, மாவு வாசம் அடித்தது, மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிட்டது. பாக்கெட் தேங்காய்ப்பால்தான் ஊற்றினேன்.
– வாசகி, கீழக்கரை

பதில்: எண்ணெய் பிரியாததற்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பாக்கெட் பாலில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருப்பதற்கென்றே ஏதாவது சேர்த்திருப்பார்கள். தொதலுக்கோ அது பிரிந்தாக வேண்டும். முற்றிய காயாகப் பார்த்து மூன்று தேங்காய் உடையுங்கள். இளங்காயில் எண்ணெய்ச் சத்து குறைவு. முதல் பால் அரை லிட்டரைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் சேர்ந்து ஒரு லிட்டர் வரட்டும்.

பச்சரிசி மாவு 250 கிராம், வறுக்காதது, சலித்தது. கருப்பட்டி அரைக் கிலோ. முந்திரி 100 கிராம், ஏலக்காய்த்தூள் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. கருப்பட்டியைத் தட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் கரையும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, துணியில் வடிகட்டி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். வடிகட்டிய பிறகும் அடியில் மணலும் பதநீர்க் கலயத்தில் தடவிய சுண்ணாம்பும் மெல்லிசாகப் படியும். கடைசி இரண்டு கரண்டியை ஊற்ற வேண்டாம். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். தொதலில் ஒரு மணல் பல்லில் கடிபட்டால் போதும், மொத்த உழைப்பும் வீண்.

மாவு வாசத்துக்கு வருவோம். இனிப்பு சேர்ந்துவிட்டால் மாவு வேகத் தாமதமாகும். பாலையும் மாவையும் கருப்பட்டியையும் ஒன்றாகக் கலந்து அடுப்பில் ஏற்றினால் கடைசி வரை பச்சை வாசம் ஒட்டிக்கொண்டே வரும். இரண்டாம் பால் ஆறியிருக்கும்போதே மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடிகனமான உருளியில் சிறு தீயில் கிண்டுங்கள். இருபது நிமிடத்தில் வெள்ளைக் கூழ் பளபளத்து, கண்ணாடி போல ஆகும். அதன்பிறகுதான் கருப்பட்டிப் பாகு. இன்னும் அரை மணி நேரம் கிண்டியதும் முதல் பாலை ஒவ்வொரு குழிக்கரண்டியாக ஊற்றி, ஒன்று இழுத்த பிறகு அடுத்தது என்று போங்கள்.

ஒரு மணி நேரம் தாண்டியதும் கை வலிக்கும், இறக்கிவிடலாம் என்று தோன்றும். இறக்காதீர்கள். அப்போது அது பார்க்க அல்வா மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. உங்கள் தொதலில் பூஞ்சை பிடித்தது இந்தத் தண்ணீரால்தான். நிறம் பழுப்பிலிருந்து கறுப்புக்குப் போகும். குமிழி சின்னச் சின்னதாக வந்த இடத்தில் பெரிதாக, சோம்பலாக வெடிக்கும். பிறகு ஓரம் முழுக்க எண்ணெய் கக்கி, மொத்தமும் ஒரே உருண்டையாக அகப்பையோடு சுற்றும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு துளியைத் தட்டில் வைத்து ஆறவிட்டு அமுக்குங்கள். விரலில் ஒட்டக்கூடாது. மேலே நிற்கும் எண்ணெயைக் கரண்டியால் எடுத்துவிட்டு முந்திரியும் ஏலக்காயும் சேருங்கள். அந்த எண்ணெயையே தட்டில் தடவிக் கொட்டிச் சமப்படுத்தி, ஆறேழு மணி நேரம் தொடாமல் விட்டுத் துண்டு போடுங்கள். ஈரக் கத்தி படக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதே பண்டத்தை ‘டொடோல்’ என்கிறார்கள். அந்த யூடியூப் அளவுகளைப் பார்த்துச் செய்கிறவர்களும் உண்டு. அங்கே ஒட்டும் அரிசி மாவில் கிண்டுகிறார்கள், அதனால் இழுவையாக வரும். நம் பச்சரிசிக்கு அந்த அளவு சரிப்படாது.

கேள்வி: தடைக்காலத்தில் சந்தைக்கு வரும் மீன் எல்லாமே ஐஸ் மீன்தானா?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் கரையோரம் போய் வருகின்றன. சூடை, ஓரா, நகரை, நண்டு எல்லாம் அதில் வரும். செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் புதுசு, பழுப்பாகிச் சளி மாதிரி இருந்தால் வேண்டாம். விரலால் அமுக்கிய குழி உடனே மேலே வர வேண்டும். பெரிய சீலாத் துண்டு அந்த மாதங்களில் கிடைத்தால் பெரும்பாலும் குளிர்சாதனத்தில் இருந்ததுதான். குழம்பில் உடையும், வறுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பனங்கிழங்கை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும்?
– வாசகி, மண்டபம்

பதில்: மேல்தோலை உரித்துக் கழுவி, கிழங்கு மூழ்கத் தண்ணீர், உப்பு, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுப் பானையில் முக்கால் மணி நேரம். குக்கர் என்றால் ஆறு விசில். வெந்ததும் தண்ணீரை உடனே வடிக்காமல் அதிலேயே ஆறவிடுங்கள், உப்பு உள்ளே பிடிக்கும். இரண்டாகப் பிளந்து நடுத்தண்டை எடுத்துவிட்டு, ஒரு துண்டு தேங்காயோடு கொடுங்கள்.