ஆபீஸ் ஃபிரிட்ஜில் நம் டப்பா

தம்பி, நீங்கள் கேட்டது புதிதாக வந்த எல்லோருக்கும் இருக்கிற சந்தேகம்தான், வெளியே கேட்கத்தான் கூச்சப்படுவார்கள். கனடாவில் டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் வேலைக்குச் சேர்ந்து சில வாரம் ஆகிறது, ஆபீஸ் ஃபிரிட்ஜில் சாம்பார் சாதம் வைத்தால் வாசனைக்கு யாராவது முகம் சுளிப்பார்களா, போன வாரம் காணாமல்போன தயிரைப் பற்றி யாரிடம் கேட்பது, சைவம் என்பதால் ஃபிரிட்ஜில் தனி அடுக்கு கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டொராண்டோ பக்கம் வந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. முதலில் ஒரு கிடங்கில் வேலை, இப்போது ஒரு கணக்கு ஆபீஸ். இரண்டு இடத்திலும் ஃபிரிட்ஜ் சண்டைகள் ஒரே மாதிரிதான் இருந்தன. வரிசை முன்னே பின்னே போனாலும் எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறேன்.

வாசனை விஷயத்தில் நம்மவர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். இறுக்கி மூடின டப்பாவிலிருந்து அந்தக் குளிரில் எந்தச் சாம்பாரும் வெளியே வந்து தொந்தரவு பண்ணாது. வாசனை கிளம்புவது மைக்ரோவேவில்தான், அதுவும் இந்த ஊரில் ஒருவர் கிம்ச்சி என்கிற கொரியா ஊறுகாய் கொண்டுவருவார், இன்னொருவர் பூண்டு போட்ட பாஸ்தா, நம் ரசம் அதற்கெல்லாம் மேலே போய்விடாது. மீனும் கருவாடும் மட்டும் ஆபீஸில் சூடு பண்ணக் கூடாது, அது நமக்கென்று போட்ட சட்டம் இல்லை, வெள்ளைக்காரர் சால்மன் துண்டைச் சூடு பண்ணினாலும் பின்னால் அதே பேச்சுதான் நடக்கும். நீங்கள் சைவம், அந்தக் கவலையும் இல்லை. யாராவது உங்கள் சாப்பாட்டை வைத்துத் திரும்பத் திரும்பக் கிண்டல் பண்ணினால் அது வேறு விஷயம், பிறந்த நாட்டையும் இனத்தையும் வைத்து வேலையிடத்தில் சீண்டுவதை நம் மாகாணமான ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது, மேலாளரிடம் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் "என்ன இது, நல்ல வாசனையாக இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டால் அதில் குத்தல் தேடாதீர்கள், பெரும்பாலும் உண்மையாகத்தான் கேட்கிறார்கள்.

இங்கே ஆபீஸில் பெயர் கெடுவது மறந்துபோன டப்பாவால். இதைத்தான் யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை. ஊரில் ஆபீஸ் என்றால் ஒரு அக்கா இருப்பார், தட்டு டம்ளர் கழுவுவார், பழையதை எடுத்துக் கொட்டுவார். இங்கே ராத்திரி வருகிற துப்புரவுக்காரர்கள் தரை, கழிவறை, குப்பைக்கூடை பார்ப்பார்கள், ஃபிரிட்ஜின் உள்ளே கைவைப்பது பல இடங்களில் அவர்கள் வேலையே கிடையாது. அப்போது யார் சுத்தம் பண்ணுவது? வரவேற்பில் இருக்கிற பெண் தலையில் விழும், அல்லது பொறுக்க முடியாத யாரோ ஒருவர் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்குவார். அப்படி இறங்குகிறவர் கையில் பச்சைப் பூஞ்சை பூத்த பொரியலோடு உங்கள் டப்பா கிடைத்தது என்று வையுங்கள், அவர் வாயைத் திறந்து உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் மறக்கவும் மாட்டார். ஆகவே வைத்ததை அன்றே சாப்பிடுங்கள், முடியாவிட்டால் சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், படித்தீர்களா? வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் உள்ளே இருப்பது குப்பைக்குப் போகும் என்றோ, பெயரும் தேதியும் இல்லாதது போகும் என்றோ எழுதியிருக்கும். அது சும்மா மிரட்டல் என்று நினைக்க வேண்டாம், எறியும்போது சாப்பாட்டைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைக்க மாட்டார்கள், மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே கறுப்புப் பையில் போடுவார்கள். எங்கள் ஆபீஸில் நம் ஊர்க்காரர் ஒருவரின் எவர்சில்வர் தூக்கு அப்படித்தான் போயிற்று. அவர் அம்மா கொடுத்துவிட்டது, கல்யாணச் சீரில் வந்தது, மூடியில் அழகாகப் பெயர் வெட்டியிருந்தது. தமிழில் வெட்டியிருந்தது, அதுதான் சங்கடம், சுத்தம் பண்ணினவருக்கு அது ஏதோ பூவேலை. மாஸ்கிங் டேப்பும் ஒரு மார்க்கரும் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் பெயர், தேதி, அவ்வளவு போதும்.

பழைய தயிர் வாளியில் குழம்பு கொண்டுவருகிற பழக்கம் நம்மிடம் உண்டு, வீட்டில் சரி, ஆபீஸுக்கு வேண்டாம். மேலே தயிர் என்று அச்சடித்திருக்கும், யாரோ தயிர் என்று நினைத்துக் கரண்டியோடு திறப்பார், உள்ளே வத்தக்குழம்பு. அதைவிட முக்கியம், அந்த வாளியின் மேல் பழைய பெஸ்ட் பிஃபோர் தேதி அப்படியே இருக்கும், உங்கள் குழம்பு நேற்று ராத்திரி வைத்ததாக இருக்கலாம், சுத்தம் பண்ணுகிறவர் கண்ணுக்கு அது இரண்டு மாதம் கெட்டுப்போன தயிர். கண்ணாடி டப்பா வாங்கிவிடுங்கள். எவர்சில்வரை மைக்ரோவேவில் வைக்க முடியாது, பிளாஸ்டிக்கில் மஞ்சள் கறை ஒரே வாரத்தில் பிடித்துவிடும், கண்ணாடிக்கு இரண்டு தொல்லையும் இல்லை, கொஞ்சம் கனம் மட்டும்தான்.

இனி உங்கள் தயிர். முதல் முறை காணாமல் போனால் திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம். எல்லோரும் அதே கடையில் அதே தள்ளுபடியில் அதே தயிரைத்தான் வாங்குகிறார்கள், பெயர் எழுதாத நான்கு டப்பா பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் யாருடையது யாருக்குத் தெரியும். உங்கள் டப்பாவில் பெயர் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, இல்லை என்றே நினைக்கிறேன். இந்த வாரம் பெயர் எழுதி, ஜிப் வைத்த ஒரு துணிப் பைக்குள் போட்டு வையுங்கள். பைக்குள் இருப்பதை எடுக்க ஒருவர் ஜிப்பைத் திறக்க வேண்டும், தெரியாமல் எடுத்தேன் என்று பிறகு சொல்ல முடியாது, பாதி விஷயம் அதிலேயே அடங்கிவிடும். அப்புறமும் போனால் ஆபீஸ் நிர்வாகம் பார்க்கிறவரிடம் நேரில், மெதுவாக, "என் தயிர் இரண்டு தடவை காணவில்லை, வேறு யாராவது சொன்னார்களா" என்று கேளுங்கள். எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். கோபத்தில் கதவில் தாள் ஒட்டாதீர்கள். அந்தத் தாளுக்குக் கீழே யாரோ நக்கலாக ஒரு வரி எழுதுவார், அதற்குக் கீழே இன்னொருவர், ஒரு கப் தயிருக்காகப் புதிதாக வந்த நீங்கள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்த ஆளாகிவிடுவீர்கள்.

அதே கணக்கு திருப்பியும் உண்டு. உள்ளே இருக்கிற பால் பொதுவானது என்று நீங்களாக முடிவு பண்ண வேண்டாம். ஒன்ராறியோவில் பால் பையில் வரும், 4 லிட்டர் வாங்கினால் மூன்று பை இருக்கும், ஒன்றை ஜாடியில் வைத்து மூலையை வெட்டியிருப்பார்கள், பார்க்கப் பொதுச்சொத்து மாதிரியே தெரியும். சில ஆபீஸில் கம்பெனியே வாங்கிப் போடும், சில இடத்தில் காபி குடிக்கிறவர்கள் மாதாமாதம் காசு போட்டு வாங்குவார்கள், காசு போடாதவர் அந்தப் பாலில் டீ போட்டால் நேரே கேட்க மாட்டார்கள், கவனித்து வைத்திருப்பார்கள். பக்கத்து மேசையில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கூட்டம் முடிந்து மிஞ்சின சான்ட்விச் தட்டை மேசைமேல் திறந்து வைத்திருந்தால் எடுக்கலாம், அதையே மூடி ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் மதியக் கூட்டத்துக்கானதாக இருக்கலாம், கேட்டுவிட்டு எடுங்கள். கதவுத் தட்டில் கிடக்கிற கெச்சப் பாக்கெட்டுக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

குளிர் குமிழைத் திருகாதீர்கள். கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா சொல்கிற அளவு 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே. ஜில்லென்று வேண்டும் என்று யாராவது திருகி வைத்தால் பின்பக்கம் இருக்கிறதெல்லாம் உறையும். அங்கே ஒருவருடைய இன்சுலின் இருக்கலாம், உறைந்த இன்சுலின் வீண். பச்சைக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பின அம்மா எடுத்து வைத்த தாய்ப்பால் இருக்கலாம். அப்படிப் பை எதையாவது பார்த்தால் நகர்த்தவும் வேண்டாம், என்ன என்று விசாரிக்கவும் வேண்டாம்.

சூடான சாப்பாட்டை அப்படியே உள்ளே தள்ளுவதும் தப்பு, அதற்காக சாயங்காலம்வரை மேசைமேல் வைப்பதும் தப்பு, சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைக்கச் சொல்கிறார்கள். ஊரில் காலையில் கட்டின தயிர்சாதம் மதியம்வரை பையிலேயே கிடக்கும், ஒன்றும் ஆகாது என்பீர்கள். ஆனால் வெறும் சோறும் பயறும் சீக்கிரம் கெட்டு மோசம் பண்ணுகிறவை, குளிர்காலத்தில் ஆபீஸ் ஹீட்டர் பக்கத்தில் பை இருந்தால் நம் ஊர் வெயிலுக்குச் சமம். ராத்திரியே டப்பாவில் பரப்பி வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் ஐஸ் பொட்டலத்தோடு எடுத்துப் போங்கள். கிடங்கில் நாங்கள் பாதிப் பேர் ஃபிரிட்ஜ் பக்கமே போனதில்லை, ஐஸ் பொட்டலம், ஒரு சூடு தாங்கும் ஃபிளாஸ்க், முடிந்தது.

ஃபிரிட்ஜில் தனி அடுக்கு கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்கே மனசில்லை, ஆனால் இருபது பேருக்கு ஒரு ஃபிரிட்ஜ் என்றால் அது நடக்காது. மேல் அடுக்கில் வையுங்கள், மேலே வைத்தால் எதுவும் உங்கள் டப்பாமேல் ஒழுகாது, ஜிப் பை இருந்தால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற யோசனையும் வராது. மைக்ரோவேவில் யாரோ மாட்டிறைச்சி சூடு பண்ணின தட்டில் வைக்க ஒருமாதிரி இருந்தால், அடியில் ஒரு காகிதத் துண்டு, மேலே ஒரு மூடி. இதை நான் பக்தியில் சொல்லவில்லை, மேல்மூடி எப்படியும் வேண்டும், மூடாத சாம்பார் ஒரு நிமிஷத்தில் உள்சுவர் முழுக்கத் தெறிக்கும், தெறித்ததை அடுத்த ஆள் வருவதற்குள் துடைத்துவிட வேண்டும்.

மைக்ரோவேவ் வரிசையில்தான் உண்மையான பதற்றம். ஒன்ராறியோ வேலைச் சட்டப்படி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் 30 நிமிட உணவு இடைவேளை தர வேண்டும், அதற்குச் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த அரை மணியில் ஐந்து பேர் நிற்கிற வரிசையில் ஒருவர் சோறு, கூட்டு, ரசம் என்று மூன்று டப்பாவைத் தனித்தனியாகச் சூடு பண்ணினால் பின்னால் நிற்பவருக்கு எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் சேர்த்துக் கொண்டுவாருங்கள், இரண்டு நிமிஷத்துக்குள் முடியுங்கள், டப்பாவை உள்ளே சுற்றவிட்டு மேசைக்குப் போன் பேசப் போகாதீர்கள். பதினொன்றே முக்காலுக்குப் போனால் வரிசையே இருக்காது.

பங்கிட்டுச் சாப்பிடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நம் ஆட்கள் மனசு நோகிறார்கள். ஊரில் டப்பாவைத் திறந்ததும் நாலு கை உள்ளே வரும். இங்கே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் ஒரு வாய் வேண்டுமா என்று கேட்க மாட்டார், அது கஞ்சத்தனம் இல்லை. நீங்கள் கேட்கலாம், ஒரு தடவை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இன்னொரு தடவை வற்புறுத்தினால் அவருக்குத் தர்மசங்கடம், ஏனென்றால் காரணத்தைச் சொல்ல வேண்டியதாகிவிடும். அந்தக் காரணம் ஒவ்வாமையாக இருக்கலாம். கனடாவின் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் வேர்க்கடலை, முந்திரி வகைகளோடு கடுகும் எள்ளும் இருக்கின்றன. யோசித்துப் பாருங்கள், கடுகு தாளிக்காமல் நம்மிடம் என்ன இருக்கிறது, இட்லிப் பொடியில் எள்ளு, அதன்மேல் ஊற்றுவது நல்லெண்ணெய். கடையில் வாங்குகிற பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும், கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் ஆகாதவருக்கு அதுவும் ஆகாது.

அதனால் தீபாவளிக்கு ஏதாவது கொண்டுபோனால், கொண்டுபோங்கள், எல்லோரும் சந்தோஷமாகத்தான் சாப்பிடுவார்கள், பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டில் எள், நெய், முந்திரி, கடலை மாவு என்று உள்ளதை எழுதி வையுங்கள். மைசூர்பாகு, முறுக்கு என்று பெயர் மட்டும் எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. தட்டைப் பொது மேசையில் வையுங்கள், மூடியைத் திறந்தே வைக்கலாம், திறந்திருந்தால்தான் எடுக்கலாம் என்று தெரியும். முறுக்கை மட்டும் தயவுசெய்து அந்த ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், சாயங்காலத்துக்குள் நமுத்துப்போகும்.