கிளைடரில் எஞ்சின்: டர்போ போதுமா, தானே எழும் வகை வேண்டுமா?

கேள்வி: ஜெர்மனியின் ஷ்வேபியன் ஆல்ப் மலைப்பகுதியில் ஒரு கிளைடர் கழகத்தில் நான்கு ஆண்டுகளாகப் பறக்கிறேன், விமானியாகப் பறந்த நேரம் 180 மணியைத் தாண்டிவிட்டது. கழக நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, 18 மீட்டர் இறக்கை கொண்ட, ஏற்கெனவே பயன்படுத்திய கிளைடர் ஒன்றை வாங்க இருக்கிறோம். எங்கள் கண்ணில் பட்டிருக்கும் இரண்டில் ஒன்று டர்போ, அதாவது வானத்தில் இருக்கும்போது மட்டும் உதவும் சிறு எஞ்சின் கொண்டது. மற்றொன்று தன் எஞ்சினாலேயே தரையிலிருந்து கிளம்பும், தானே எழும் வகை. அதன் விலை கணிசமாக அதிகம். மாலையில் தெர்மல் (நம்மைத் தூக்கிவிடும், மேலெழும் வெப்பக் காற்று) ஓய்ந்து, எங்கோ ஒரு வயலில் இறங்கி, கிளைடரை ஏற்றிச் செல்லும் இழுவண்டிக்காகக் காத்திருக்கும் தொல்லையைத் தவிர்க்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டு வகைகளும் வீடு திரும்ப உதவும் என்பதால், நீங்கள் சொல்லியிருக்கும் காரணத்தை வைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்வை முடிவு செய்ய வேண்டிய கேள்வி வேறு: காலையில் உங்களை வானத்தில் ஏற்றிவிடப் போவது யார்? நீங்கள் பறக்கும் நாட்களில் வின்ச்சை (கிளைடரைக் கயிற்றால் இழுத்து மேலே ஏற்றும் தரை இயந்திரத்தை) இயக்க ஆளும், கயிறு மாட்டிவிட இரண்டு கைகளும் கிடைக்குமானால், கூடுதல் பணத்தைச் செலவிடாமல் டர்போவை வாங்குங்கள். மூவரில் இருவராவது, கழகத்தில் ஈ காக்கை இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் பறக்க விரும்புபவர்கள் என்றால் மட்டும் தானே எழும் வகையைப் பற்றி யோசியுங்கள். கடிதத்தில் இதைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதாததால், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

டர்போ என்று கழகங்களில் அழைக்கப்படும் சஸ்டெய்னர், எழுந்துவிட்ட கிளைடரைக் கீழே விழாமல் தாங்கிப் பிடிப்பதற்காக மட்டுமே வைக்கப்பட்ட சிறிய எஞ்சின். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் டர்போசார்ஜர் எதுவும் கிடையாது. ஒற்றை இருக்கைக் கிளைடர்களில் பெரும்பாலும் இருப்பது இருபது, முப்பது குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்தான். பழைய வடிவமைப்புகள் பலவற்றில் ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலும் இல்லை. விமானி, எஞ்சினின் உள்ளழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் பிடியை இழுத்துக்கொண்டு மூக்கைத் தாழ்த்துவார். காற்றின் விசையில் ப்ரொப்பெல்லர் சுழலத் தொடங்கும். பிடியை விட்டதும் எஞ்சின் பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகு முழு வேகம், அணைத்தால் முழு அமைதி, அவ்வளவுதான். எடை குறைவாகவும் பராமரிப்பு எளிதாகவும் இருப்பதற்கு இந்த எளிமையே காரணம்.

இன்றைய தானே எழும் வகையில் பெரும்பாலும் ஐம்பது குதிரைத்திறனும் அதற்கு மேலும் கொண்ட எஞ்சின், ஸ்டார்ட்டர், த்ராட்டில், சுழற்சியைக் குறைத்துப் பெரிய ப்ரொப்பெல்லருக்குக் கொடுக்கும் பெல்ட், பெரிய மின்கலம் எல்லாம் இருக்கும். 1981-இல் முதன்முதலில் பறந்த டிஜி-400, 43 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் எஞ்சினுடன், தனிநபர் வாங்கிப் பயன்படுத்தத்தக்க தானே எழும் கிளைடர் சாத்தியம் என்று காட்டியது. அதன் பின் வந்தவற்றில் எஞ்சினின் வலிமையும் மின்னணுக் கட்டுப்பாடும் கூடினவே தவிர, முதுகிலிருந்து ஒரு கம்பம் எழுந்து நிற்க, அதன் உச்சியில் ப்ரொப்பெல்லர் சுழலும் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை.

வானத்தில் இந்த வேறுபாடு ஏறும் வேகத்தில் தெரியும். டர்போ நல்ல நாளில் விநாடிக்கு ஒரு மீட்டர் ஏற்றிவிடும். கோடை வெப்பத்தில், உயரமான இடத்தில், அதற்கும் குறையும். தானே எழும் வகை மூன்று, நான்கு மீட்டர் ஏறும். மலையின் காற்று மறைவுப் பக்கத்தில் விநாடிக்கு இரண்டு மீட்டர் இறங்கும் காற்றில் சிக்கினால் டர்போ ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்களும் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். ஆல்ப்ஸ் பக்கம் அடிக்கடி போகும் எண்ணம் இருந்தால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஷ்வேபியன் ஆல்ப் மேட்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அமைதியான மாலையில் வீடு திரும்ப டர்போ தாராளமாகப் போதும். சிறிது நேரம் எஞ்சினால் ஏறி, அதை மடக்கி உள்ளே வைத்துவிட்டுச் சறுக்கி, மறுபடி ஏறுவது என்ற ரம்பப்பல் முறையில் பறந்தால், பதினைந்து லிட்டருக்கும் குறைவான எரிபொருளில் எதிர்பாராத தூரம் வரலாம்.

இனி, இரண்டு வகைக்கும் பொதுவான, விற்பவர்கள் வாய் திறக்காத செய்திக்கு வருகிறேன். எஞ்சின் வெளியே நிற்க, ஆனால் ஓடாமல் இருக்கும் நிலையில், உங்கள் அழகான கிளைடர் கிளைடராக இருப்பதில்லை. மடக்கிய நிலையில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஐம்பது மீட்டர் முன்னேறும் இயந்திரம், கம்பமும் நின்றுபோன ப்ரொப்பெல்லரும் காற்றை மறிக்கும்போது இருபதுக்கும் கீழே போய்விடலாம். 300 மீட்டர் உயரத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்: ஐம்பது என்றால் 15 கிலோமீட்டர், பதினெட்டு என்றால் ஐந்தரைக்கும் குறைவு. அந்த ஐந்தரையிலும் வயலைச் சுற்றி வந்து இறங்குவதற்கான உயரத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மிகச் சொற்பம். எஞ்சினை வெளியே எடுத்து, மூக்கைத் தாழ்த்தி, ஓடவைக்க முயலும் அரை நிமிடத்துக்கு மேற்பட்ட நேரத்திலேயே அறுபது முதல் நூறு மீட்டர் வரை போய்விடும்.

ஆகவே எஞ்சினை எடுப்பதற்கு முன்பே இறங்கத்தக்க வயல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை எட்டும் தொலைவில், முடிந்தால் அதன் அருகிலேயே, நின்றிருக்க வேண்டும். எஞ்சின் பற்றாது என்று எண்ணிக்கொண்டே அதை எடுக்க வேண்டும். ஷ்வார்ட்ஸ்வால்டின் காட்டுக்கு நடுவே போய்விட்டு, 'டர்போ இருக்கிறதே' என்று கம்பத்தை வெளியே எடுப்பவர், இருந்த ஒரே வழியையும் அடைத்துக்கொள்கிறார். எஞ்சின் இல்லாத கிளைடரில் அதே விமானி அந்தக் காட்டுக்குள் போயிருக்கவே மாட்டார்.

நான் இதை ஒருமுறை நேரிலேயே பார்த்தேன். செப்டம்பர் மாலை, கோதுமை அறுத்து முடித்து, தாள் மட்டும் நின்ற நீண்ட வயலுக்கு மேலே, ஏறக்குறைய 400 மீட்டரில் கழகத்து டர்போவை எடுத்தேன். ப்ரொப்பெல்லர் சுழன்றது; எஞ்சின் இருமுறை இருமிவிட்டு அடங்கியது. மறுமுயற்சியிலும் அதே இருமல். மூன்றாவது முயற்சிக்குக் கை நீண்டபோது உயரமானி 220 மீட்டர் காட்டியது. கையை இழுத்துக்கொண்டு, கம்பத்தை மடக்கவும் முயலாமல், அப்படியே வயலைச் சுற்றி வந்து இறங்கினேன். தரையில் பார்த்தால், எரிபொருள் வால்வு பாதிதான் திறந்திருந்தது. காரணம் எஞ்சினல்ல, நான்தான். ஜூன் மாதத்துக்குப் பிறகு யாரும் அதை ஓடவைத்துப் பார்க்கவில்லை என்பதைப் பதிவேட்டில் பின்னர் கண்டேன்.

தானே எழும் எஞ்சினுக்கு உள்ள ஒரு நன்மை இங்கேதான். அது ஒவ்வொரு நாளும் காலையில் உங்களைத் தூக்கிச் செல்வதால், அதன் குறைகள் தரையிலேயே வெளிப்படும். விமானியின் கையும் பழகியிருக்கும். டர்போவோ ஆண்டுக்கு இரண்டு முறை அழைக்கப்படும் உறவினர் போன்றது. வராமல் போகவும் கூடும். டர்போ வாங்கினால் மாதம் ஒருமுறை, சொந்தத் தளத்துக்கு மேலே 800 மீட்டரில், தேவையில்லாதபோதே எஞ்சினை எடுத்து ஓடவைத்து மடக்குவதை மூவரும் விதியாக எழுதி ஹேங்கரில் ஒட்டிவையுங்கள்.

தானே எழும் வகைக்கு உரிய ஆபத்தும் உண்டு. அது எழும்போது காத்திருக்கிறது. ப்ரொப்பெல்லர் முதுகுக்கு மேலே உயரத்தில் இருப்பதால் அதன் தள்ளுவிசை மூக்கைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். அதைச் சமன்செய்ய ஸ்டிக்கை (கிளைடரைத் திருப்பும் கைப்பிடியை) சற்றுப் பின்னால் பிடித்திருப்பீர்கள். 80 மீட்டரில் எஞ்சின் நின்றால் அந்த அழுத்தம் அந்தக் கணமே மறைந்து, மூக்கு தானாக மேலே எழும். விரிந்து நிற்கும் கம்பம் வேகத்தை விழுங்கத் தொடங்கும். உடனே ஸ்டிக்கை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தாவிட்டால், எஞ்சினுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்து முடிப்பதற்குள் வேகம் போய்விடும். வின்ச்சில் கயிறு அறுந்தால் என்ன செய்வது என்பதை உங்கள் கைகள் நூறு முறை பழகியிருக்கின்றன. இதை அவை புதிதாகப் பழக வேண்டும்.

அதனால்தான் ஐரோப்பிய விதிகள் தானே எழுவதை வின்ச், விமான இழுவை ஆகியவற்றைப் போலத் தனி ஏற்றமுறையாகக் கருதுகின்றன. பயிற்றுநருடன் குறைந்தது 5, அவர் மேற்பார்வையில் தனியாக 5 என்று ஏறிக் காட்டிய பிறகே உங்கள் பறப்புப் பதிவேட்டில் அது சேரும். அதைத் தக்கவைக்க இரண்டு ஆண்டுகளில் 5 முறையாவது அவ்வாறு ஏறியிருக்க வேண்டும். பயிற்றுநருடனான பகுதியை இரண்டு இருக்கை கொண்ட சுற்றுலா மோட்டார் கிளைடரிலும் முடிக்கலாம் என்பதால், ஒற்றை இருக்கைக் கிளைடர்தானே என்ற கவலை வேண்டாம். வின்ச்சால் ஏறும் டர்போவுக்கு ஏற்றமுறை சார்ந்த இந்தச் சேர்க்கை தேவையில்லை. ஆனாலும் அந்த வகையை அறிந்த ஒருவருடன் ஒரு மாலை உட்கார்ந்து கையேட்டைப் படிக்காமல் ஏறாதீர்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. டர்போ அமைப்பு முழுவதும் நாற்பது, ஐம்பது கிலோ. தானே எழும் அமைப்பு நூறு கிலோ அளவில் வரும். வலுவான நாளில் வேகத்துக்காகத் தண்ணீர்ப் பாரம் ஏற்றிக்கொண்டு பறப்பவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. தண்ணீரை வேண்டாதபோது வெளியேற்றிவிடலாம், எஞ்சினை வெளியேற்ற முடியாது என்பது ஏப்ரல் காலையின் மெலிந்த தெர்மலில் தெரியவரும். மூவரில் உடல் பருத்தவர் யாராவது இருந்தால், எடைப் பட்டியலில் எஞ்சினுடன் அனுமதிக்கப்பட்ட இருக்கைச் சுமை எவ்வளவு என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். பாராசூட்டும் அந்தக் கணக்கில்தான் வரும்.

மின்சார அமைப்புகளைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஸ்லோவேனியாவில் உருவான எஃப்இஎஸ் என்ற சஸ்டெய்னரில் ப்ரொப்பெல்லர் மூக்கிலேயே மடிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். எழுந்து நிற்க வேண்டிய கம்பம் இல்லாததால், பொத்தானைத் திருப்பிய சில விநாடிகளில் ஓடும், ஓடாவிட்டாலும் சறுக்கு விகிதம் பெரிதாகக் கெடாது. நான் மேலே இவ்வளவு நேரம் பயமுறுத்தியதில் பாதி அதற்குப் பொருந்தாது. நான்கு கிலோவாட்-மணி அளவிலான மின்கலம் தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்பது அதன் எல்லை. 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தில் இவ்வமைப்பு கொண்ட ஒரு கிளைடரில் தரையிறங்கும்போது மின்கலப் பெட்டியில் தீப்பிடித்தது, விமானி தப்பினார். அதன் பிறகு மின்கலங்களைக் கீழே போடாமல், நனையவிடாமல் கையாள்வதில் உரிமையாளர்கள் மிகுந்த கவனம் காட்டுகிறார்கள். இரண்டில் ஒன்று மின்சார சஸ்டெய்னராக இருந்திருந்தால் தயங்காமல் அதையே சொல்லியிருப்பேன்.

தானே எழும் வகையை நோக்கி இன்னும் மனம் சாய்ந்தால், கழகத் தலைவரிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் தளத்தின் அனுமதியில் தானே எழும் கிளைடர்களுக்கு இடம் உண்டா? ஜெர்மனியில் எல்லாக் கிளைடர் தளங்களுக்கும் அது கிடையாது. அனுமதி உள்ள இடங்களிலும் அண்டை ஊரார் சத்தத்தைப் பற்றிப் புகார் எழுதாமல் இருப்பதில்லை. ஓடுபாதை நீளத்தையும் பாருங்கள். கெட்டியான தரையில் முந்நூறு மீட்டரில் எழும் கிளைடர், மழையில் ஊறிய நீண்ட புல்லில் அதைவிட வெகுதூரம் உருளும்.

எதை வாங்கினாலும், விற்பவரின் வாய்மொழியை விட்டுவிட்டு எஞ்சின் பதிவேட்டைக் கையில் வாங்குங்கள். மொத்த மணிநேரம் குறைவாக இருப்பது நல்ல அடையாளம் என்று நினைக்காதீர்கள்; பத்து ஆண்டுகளில் ஆறு மணி நேரம் மட்டுமே ஓடிய எஞ்சினைவிட, ஆண்டுதோறும் ஒழுங்காக ஓடிய எஞ்சின் நம்பத்தக்கது. எரிபொருள் குழாய்களின் ரப்பரை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பெல்ட் இருந்தால் அதன் ஓரங்களில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்புறத்தைக் காட்டும் சிறு கண்ணாடி பைலட் இருக்கையிலிருந்து தெளிவாகத் தெரிகிறதா என்பதையும் சோதியுங்கள். மடக்குவதற்கு முன் ப்ரொப்பெல்லர் நேராக நின்றுவிட்டதா என்பதை அந்தக் கண்ணாடியில்தான் பார்ப்பீர்கள். கடைசியாக, உரிமையாளரை உங்கள் கண்முன் ஏறச் சொல்லி, இரண்டு மணி நேரம் மேலே பறந்து குளிர்ந்த எஞ்சினைத் தளத்துக்கு மேலே எடுத்து ஓடவைத்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் முயற்சியில் பற்றினால் விலையைப் பற்றிப் பேசலாம். 'இன்றைக்கு மின்கலத்தில் சார்ஜ் குறைவு' என்று அவர் தொடங்கினால், அந்தச் சோதனை நடக்கும் நாள் வரை பணப்பையைத் திறக்காதீர்கள்.