வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்கலாமா?

கேள்வி: காட்டில் தொலைந்து உயிர் பிழைத்தவர்களின் கதைகளை விரும்பிப் படிப்பேன். ஓடை போகும் வழியிலேயே நடந்து ஊர் சேர்ந்ததாகப் பலர் சொல்கிறார்கள். அடுத்த மாதம் நண்பர்களோடு மேற்குத் தொடர்ச்சி மலையில் ட்ரெக்கிங் போகிறோம். வழி தவறினால் நாங்களும் அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். இந்த யோசனைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஜூலியானே கோப்கே. 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டில் மின்னல் தாக்கிச் சிதறிய விமானத்திலிருந்து இருக்கையோடு காட்டுக்குள் விழுந்தார். வயது 17. விமானத்தில் இருந்த மற்ற 91 பேரும் இறந்துபோனார்கள். தேடி வந்த விமானங்களின் சத்தம் அவருக்குக் கேட்டது. அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே இருந்த அவரை மேலிருந்து யாராலும் பார்க்க முடியவில்லை. ஓடையோடு நடந்து, 11ஆம் நாள் மரம் வெட்டுபவர்கள் கண்ணில் பட்டார்.

கதையைச் சொல்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். அவருடைய பெற்றோர் விலங்கியல் ஆய்வாளர்கள். அதே மாதிரிக் காட்டில் அவர்களோடு வாழ்ந்தவர் அவர். விஷ முள்ளால் குத்தும் திருக்கை மீன்கள் கரையோர ஆழமற்ற நீரில் படுத்திருக்கும் என்று தெரிந்ததால் ஆற்றின் நடுவில் போனார். ஹோட்சின் பறவையின் குரல் கேட்டதும் பெரிய ஆறு பக்கத்தில்தான் என்று புரிந்துகொண்டார். அதோடு, அது ஆறுகள் வளைந்து வளைந்து மெதுவாக ஓடும் தாழ்நிலக் காடு.

நம் மலை அப்படியா? இங்கே ஓடை திடீரென்று அருவியாக விழும். பாசிப் பாறையில் வழுக்கிக்கொண்டே இறங்கிவிட்டு, கீழே செங்குத்துப் பாறையைப் பார்த்ததும் மேலே ஏறவும் முடியாமல் நிற்பீர்கள். மேலே எங்கோ மழை பெய்தால் வெள்ளம் சொல்லாமல் வரும். நீர்ச் சத்தத்தில், தேடி வருபவர்கள் கூப்பிடுவதும் காதில் விழாது. பொழுது சாய்ந்தால் யானை தண்ணீருக்கு வருவதும் அங்கேதான்.

வழி தவறுவதற்கு யானைத் தடமும் ஒரு காரணம். நன்றாக அகலமாக, மிதித்து இறுகி, சாலை மாதிரியே இருக்கும். ஓரத்துக் கிளைகளைப் பாருங்கள். ஆள் நடக்கும் பாதையில் அரிவாள் வெட்டு சாய்வாக, சீராகத் தெரியும். யானை ஒடித்த கிளை நார்நாராகக் கிழிந்து, பட்டை உரிந்து தொங்கும். தரையில் யானைச் சாணம் (லத்தி) கிடந்து அதில் ஈரம் காயாமல் இருந்தால் வந்த வழியே திரும்புங்கள். மாட்டுத் தடம் வேறு வகை: காலுக்குக் கீழே தெளிவாக இருக்கும், கிளை முகத்தில் அடிக்கும்.

வழி தெரியவில்லை என்று உறுதியானதும் நில்லுங்கள். கூட்டத்தைப் பிரிக்காதீர்கள். "நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று ஒருவர் கிளம்பினால், தேட வேண்டிய இடம் இரண்டாகிவிடும். தடத்திலிருந்தும் தண்ணீரிலிருந்தும் விலகி, வானம் தெரியும் இடத்தில் உட்காருங்கள். விசிலை மூன்று மூன்று முறை ஊதுங்கள். அவசர உதவி எண் 112க்கு முயன்று பாருங்கள். பேச முடியாத சிக்னலிலும் சில நேரம் எஸ்எம்எஸ் போய்விடும். ஜிபிஎஸ் காட்டும் எண்களை அதில் அனுப்புங்கள்.

2022 பிப்ரவரியில் கேரளத்தின் மலம்புழா அருகே மலையில் சறுக்கிப் பாறை இடுக்கில் சிக்கிய இளைஞர், போனில் படம் எடுத்து அனுப்பித் தன் இடத்தைத் தெரிவித்தார். நாற்பது மணி நேரத்துக்கு மேல் சோறு தண்ணீர் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தவரை ராணுவ வீரர்கள் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். பரபரப்பான கதை இல்லைதான். நம் மலைக்குப் பொருந்துவது இதுதான்.

குளிருக்கு நெருப்பு மூட்டும் யோசனையும் வேண்டாம். காய்ந்த புல்மேட்டில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீயில் பார்த்தோம். மழைக்கோட்டும் மாற்றுச் சட்டையும் பையில் இருக்கட்டும். நனைந்த துணியோடு மலையில் இரவைக் கழிப்பது ஆபத்து.

கிளம்பும் முன் வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் கட்டாயம். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.