பீங்கான் ஊரின் கலைப்பள்ளிகள்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் பீங்கான் கலைக் கல்வி எப்படி நடந்தது, எப்படி மாறியது என்று நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

ஓவியக் கல்லூரி மாணவர்: அங்கே பள்ளிக்கும் ஆலைக்கும் அப்படி என்ன நெருக்கம்?

பகலில் ஆலை, மாலையில் வகுப்பு. பலருடைய படிப்பு அப்படித்தான் நடந்தது. பீங்கான் வடிவமைப்பாளர் கிளாரிஸ் கிளிஃப் 13 வயதில் வேலைக்குப் போனவர். நகரின் ஒரு பகுதியான பர்ஸ்லமின் கலைப்பள்ளியில் மாலை வகுப்பில் படித்தார். 1927இல் அவருடைய 'பிசார்' என்ற பீங்கான் வரிசை வந்தது. 1920 வாக்கில் நகரின் கலைக் கல்விக்குப் பொறுப்பேற்ற கார்டன் ஃபோர்சைத் அதற்கு முன் பில்கிங்டன் என்ற ஓடு, பீங்கான் ஆலையில் கலைஞராக இருந்தவர். சூளையை அறிந்தவரே ஆசிரியரானதுதான் அந்தப் பள்ளியின் பலம் என்பேன்.

சுஜாதா: வடிவமைப்பாளர் சூசி கூப்பரும் ஃபோர்சைத்தின் மாணவிதானே, அக்கா?

ஆமாம்மா. லண்டன் ராயல் கலைக் கல்லூரிக்கு உதவித்தொகை வேண்டுமென்றால் தொழிலில் இருந்திருக்க வேண்டும். அதற்காக ஃபோர்சைத் வழிகாட்ட, 1922இல் சூசி கிரே என்ற பீங்கான் நிறுவனத்தில் சேர்ந்தார். 1929இல் சொந்த நிறுவனமே தொடங்கிவிட்டார்.

முருகன்: பள்ளிக்கும் ஆலைக்குமான அந்த நெருக்கம் பிறகு ஏன் அறுந்தது?

குயவர் பெர்னார்ட் லீச் 1920இல் இங்கிலாந்தின் கடலோர ஊரான செயின்ட் ஐவ்ஸில் பட்டறை போட்டார். தன் கையால் வனைவதே கலை என்ற அவருடைய எண்ணம் பின்னாளில் கலைக் கல்லூரிகளுக்குள்ளும் பரவியது. ஆனால் பெரிய அடி, ஆலைகள் மூடியதுதான். பர்ஸ்லமில் ராயல் டௌல்டன் ஆலை 2005இல் மூடியது. ஸ்போட் என்ற பீங்கான் நிறுவனம் 2008இல் நொடித்தது, மறு ஆண்டே வெட்ஜ்வுட் நிறுவனமும்.

ஆலையோடு போனது சம்பளம் மட்டுமல்ல. காய்ந்து சுடும்போது களிமண் பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூடச் சுருங்கும். அதைக் கணக்கிட்டு மூல வடிவத்தைப் பெரிதாகச் செதுக்க வேண்டும். பிளாஸ்டர் அச்சை எங்கே இரண்டாகப் பிரித்தால் கோப்பை சிக்காமல் கழன்று வரும் என்று பார்க்க வேண்டும். அச்சு களிமண்ணிலிருந்து எவ்வளவு நீர் குடித்திருக்கிறது என்பது தொட்டால் தெரிய வேண்டும். மூத்த கைவினைஞர் பக்கத்தில் நின்றுதான் இதெல்லாம் பழகும். அவர் ஓய்வுபெற்றுப் போனபின் மாணவருக்கு யார் சொல்லித் தருவார்? எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

வடிவமைப்பாளர் ஒருவர்: இப்போது அங்கே என்ன இருக்கிறது?

2009 முதல் பீங்கான் பினாலே, அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கலைவிழா, நடக்கிறது. பழைய ஸ்போட் ஆலையே பலமுறை அதன் களமாயிற்று. 2017இல் மிடில்போர்ட் ஆலை வளாகத்தில் கிளே காலேஜ் என்ற மண்பாண்டக் கலைப் பள்ளி வந்தது. இரண்டு ஆண்டுப் படிப்பு: சக்கரம், கிளேஸ் என்ற மெருகுப் பூச்சு, சூளை கட்டுவது. நல்ல முயற்சி. ஆனால் அது குயவரை உருவாக்குகிறது. ஆலைக்கான வடிவமைப்பாளருக்கு அது மட்டும் போதாது.

ஒரு தாய்: மகளை எதைப் பார்த்துச் சேர்க்கலாம்?

சூளையை மாணவர்களே ஏற்றி இறக்குகிறார்களா, அச்சு செய்யத் தனி மேசையும் கற்றுத்தர ஆளும் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். கண்காட்சிக் கூடத்தைப் பிறகு பார்க்கலாம்.